உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களை ஆராய்வது படிப்பா, பத்திரிகை வேலையா? மார்க் லிபோவெட்ஸ்கியை முன்வைத்து

வால்கா வாசகன்:

ரஷ்ய இலக்கியம் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் தல்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ், கார்க்கி என்று வரிசைகட்டி நிறுத்திவிடுவார்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சடித்து அனுப்பி, என்சிபிஎச் கடையில் நாம் வாங்கிய புத்தகங்களோடு நம்முடைய ரஷ்யா 1991இல் நின்றுபோனது. அதற்கு அப்புறம் அங்கே ஒரு முழுத் தலைமுறை எழுதித் தள்ளியிருக்கிறது, தங்களுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது, அதில் பலர் இன்று நாட்டிலேயே இல்லை. அவர்களை உட்கார்ந்து படித்து, வகைபிரித்து, பாடநூல்வரை எழுதிய ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழை.

மார்க் லிபோவெட்ஸ்கி 1964இல் யூரல் பகுதியில் ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் பிறந்தவர். இன்றைய யெக்கத்தரீன்புர்க்தான். படைத்தளவாடத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் சோவியத் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. அப்பா நவூம் லெய்டெர்மன் அதே ஊரில் இலக்கியப் பேராசிரியர். மகன் யூரல் பல்கலைக்கழகத்தில் படித்து முதலில் எடுத்துக்கொண்ட விஷயம் எழுத்தாளர்கள் படைத்த மாயக்கதைகள். 1992இல் அது புத்தகமானது. பார்க்க வம்புதும்பு இல்லாத தலைப்பு. ஆனால் சோவியத் காலத்தில் நேராகச் சொல்ல முடியாததைப் பலர் மாயக்கதைக்குள் மறைத்துத்தான் சொன்னார்கள், ஆகவே அது ஒன்றும் பாதுகாப்பான மூலை இல்லை.

அப்புறம் பின்நவீனத்துவம் (ஒரே உண்மை, ஒரே பெரிய கதை என்பதை நம்பாமல் விளையாடிப் பார்க்கிற எழுத்து) பக்கம் போனார். 1996இல் அமெரிக்கா. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம், 2019 முதல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். 1999இல் ஆங்கிலத்தில் வந்த புத்தகத்தில், ரஷ்யப் பின்நவீனத்துவம் குழப்பத்தோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது என்றார். மேற்கே கடையும் விளம்பரமும் உண்மையை மறைத்தன என்றால், ரஷ்யாவில் அரசே எழுபது வருஷம் ஒரு போலி உலகத்தைக் கட்டி மக்களை அதில் குடியிருக்க வைத்திருந்தது. அது உடைந்து விழுந்த இடிபாட்டில் நின்று எழுதியவர்களை அமெரிக்கச் சட்டகத்தில் போட்டு அளக்க முடியாது என்பது என் சொற்களில் அவருடைய வாதம்.

கேள்வி இதுதான்: தான் ஆராயும் எழுத்தாளரோடு தொலைபேசியில் பேச முடிகிற ஒருவர் செய்வது ஆராய்ச்சியா?

கறார் கந்தசாமி:

இல்லை. அது மதிப்புரை, கொஞ்சம் அடிக்குறிப்பு சேர்த்தால் ஆய்வுக்கட்டுரை ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். எழுத்தாளன் போய் முப்பது வருஷமாவது ஆகட்டும், கடிதங்கள் வெளியே வரட்டும், ரசிகர் கூட்டம் கலையட்டும், அப்புறம் மிச்சம் இருப்பதைப் படிப்போம்.

நெவா நதி:

கந்தசாமி அண்ணே, முப்பது வருஷம் காத்திருந்தால் மிச்சம் எதுவும் இருக்காது, அதுதான் ரஷ்யாவில் சிக்கல். நான் முதுகலையில் இந்தக் காலகட்டத்தைத்தான் எடுத்திருந்தேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அங்கே சமகால இலக்கியம் புத்தகமாக வருவதற்கு முன்னால் "தடித்த பத்திரிகை" என்று அவர்கள் சொல்லும் மாத இதழ்களில் வரும். நோவி மீர், ஸ்நாம்யா மாதிரி. 1990இல் நோவி மீர் 27 லட்சம் பிரதிகள் அச்சானது. அடக்கிவைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்த வருஷங்கள் அவை. பஸ்தெர்னாக், சோல்செனிட்சின் எல்லாம் ஏதோ நேற்று எழுதியவர்கள் மாதிரி மாதாமாதம் வந்துகொண்டிருந்தார்கள். செத்தவனும் இருக்கிறவனும் ஒரே இதழில் ஒரே நேரத்தில் சமகாலத்தவன்! நீங்கள் கேட்கிற முப்பது வருஷக் கணக்கை அங்கே எங்கிருந்து தொடங்குவது? சில வருஷத்தில் அந்த இதழ்களின் விற்பனை அதலபாதாளத்துக்குப் போனது. விலைவாசி, அரசு மானியம் போனது, படிக்கிறவனுக்கே சோற்றுக் கவலை.

இது தவிர சமிஸ்தாத். கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து கைமாற்றிய பிரதிகள். பதிப்பாளர் இல்லை, தேதி இல்லை, எது கடைசி வடிவம் என்றும் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துவைக்கவில்லை என்றால் போச்சு.

வால்கா வாசகன்:

நெவா சொன்னதற்கு நல்ல உதாரணம் திமீத்ரி பிரிகோவ். 1940இல் பிறந்தவர், 2007இல் மாஸ்கோவில் இறந்தார். சிற்பி, ஓவியர், கவிஞர், மேடையில் கத்துகிறவர், எல்லாம். ஆயிரக்கணக்கில் இல்லை, பல்லாயிரக்கணக்கில் கவிதை எழுதினார். எழுதுவதைவிட எழுதிக் குவிப்பதே ஒரு நிகழ்த்துகலை என்பது அவர் கட்சி. சோவியத் போலீஸ்காரனைப் புராண நாயகன் மாதிரி புகழ்ந்து எழுதுவார், படிக்கிறவனுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது. 1986இல், கோர்பசேவ் வந்த அப்புறமும், தெருவில் ஆட்களுக்குத் துண்டுக் கவிதை கொடுத்தார் என்று பிடித்து மனநல மருத்துவமனையில் போட்டார்கள். வெளியிலிருந்து சத்தம் எழுந்ததும் விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? எதைப் பதிப்பிப்பது, எதை விடுவது? நோவயே லிதெரதூர்னயே அபஸ்ரேனியே என்ற பதிப்பகம் (1992இல் இரீனா புரோகரவா தொடங்கியது) 2013 முதல் அவருடைய படைப்புகளை ஐந்து தடித்த தொகுதிகளாகக் கொண்டுவந்தது. அதன் பதிப்பாசிரியர்களில் லிபோவெட்ஸ்கி ஒருவர். இன்னோர் ஆய்வாளர் இல்யா குகூலினோடு சேர்ந்து பிரிகோவைப் பற்றித் தனி நூலே 2022இல் கொண்டுவந்தார். இதை மதிப்புரை என்று சொல்லிவிட முடியுமா கந்தசாமி?

தூரிகை:

குறுக்கே வருகிறேன். "சமகால ரஷ்ய இலக்கிய ஆய்வாளர்" என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த்ரேய் சின்யாவ்ஸ்கி. மாஸ்கோ உலக இலக்கிய நிறுவனத்தில் வேலை, பஸ்தெர்னாக் கவிதைத் தொகுப்புக்கு அருமையான நீண்ட முன்னுரை எழுதியவர். அந்தத் தொகுப்பு வந்ததும் 1965தான், அவர் கைதானதும் 1965தான். பகலில் ஆய்வாளர், இன்னொரு பக்கம் அப்ராம் தெர்த்ஸ் என்ற புனைபெயரில் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1966 பிப்ரவரியில் வழக்கு, ஏழு வருஷம் முகாம். அப்புறம் 1973இல் பாரிஸ் போய் சோர்போனில் பாடம் நடத்தினார், மனைவி மரியா ரோசனவாவோடு ஒரு சிறு பத்திரிகையும் பதிப்பும் நடத்தினார். பின்நவீனத்துவ எழுத்தாளர் சொரோக்கினின் முதல் நாவல் 1985இல் அவர்கள் வெளியிட்டதுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் வேறு. சின்யாவ்ஸ்கிக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர் விக்தர் துவாகின். மயக்கோவ்ஸ்கி நிபுணர், அரசுக்கு எதிரி எல்லாம் இல்லை. மற்றப் பேராசிரியர்கள் பத்திரிகையில் கண்டனக் கடிதம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் நீதிமன்றத்தில் தன் மாணவனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறையிலிருந்து தூக்கிவிட்டார்கள். வெளியே தள்ளாமல் வேறு பிரிவில் உட்காரவைத்து, வயதானவர்களிடம் பேச்சைப் பதிவுசெய்யும் வேலை கிடைத்தது. 1967இலிருந்து ஒலிநாடாவோடு வீடுவீடாகப் போக ஆரம்பித்தார். இலக்கியக் கோட்பாட்டாளர்கள் ஷ்க்லோவ்ஸ்கி, 1973இல் பக்தின், இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள். பக்தின் தன் வாழ்க்கையைத் தன் குரலில் சொல்லி நமக்குக் கிடைத்தது அந்த இடமாற்றத்தால்தான். தண்டனையாகக் கொடுத்த வேலை, ரஷ்யாவின் வாய்மொழி வரலாற்றுக்கே தொடக்கம் ஆகிவிட்டது. கந்தசாமி சொல்கிற முப்பது வருஷம் காத்திருந்தால் அதில் எந்தக் குரலும் இல்லை.

கறார் கந்தசாமி:

துவாகின் கதை பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது பதிவுசெய்கிற வேலை. என் புகார் தீர்ப்புச் சொல்கிற வேலையைப் பற்றியது. உங்கள் லிபோவெட்ஸ்கி பின்நவீனத்துவக்காரர்களை நேசிக்கிறார். பிரிகோவ், சொரோக்கின், பெலேவின். நல்லது. அவரே பாடநூல் எழுதுகிறார். அவரே பரிசுக் குழுவில் உட்காருகிறார். அவரே கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு வரலாறுகளில் எழுதுகிறார். அப்புறம் நாற்பது வருஷம் கழித்து வருகிற பிள்ளை "1990களில் ரஷ்யாவில் பின்நவீனத்துவம்தான் மையம்" என்று மனப்பாடம் செய்யும். யார் மையமாக்கியது? 2001இல் செர்கேய் ஷர்கூனவ் நோவி மீரில் புதிய யதார்த்தவாதத்துக்கு அறிக்கையே எழுதினார். பிரிலேபின், சென்சின் என்று ஒரு கூட்டம் வந்தது. கிராமம், வறுமை, செச்சன்யா போர். அவர்களுக்கு அந்தப் பாடநூலில் இடம் எங்கே?

நெவா நதி:

பாடநூலில் இடம் இல்லாததற்குக் காரணம் சதி இல்லை அண்ணே, தேதி. அப்பாவும் மகனும் சேர்ந்து எழுதிய அந்த நூல் 2001இல் வந்தது, 1950களிலிருந்து 1990கள்வரைதான் பேசுகிறது. உள்ளே கிராமிய எழுத்தாளர்கள், போர்க்களக் கதைகள், ஷலாமவ், பீதவ் எல்லாரும் இருக்கிறார்கள். லெய்டெர்மன் யதார்த்தவாதத்தில் ஊறிய ஆள், மகன் பின்நவீனத்துவம், இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னென்ன சண்டை நடந்திருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, யாராவது ஒலிநாடா வைத்திருக்கலாம்.

பிரிலேபின் விஷயத்தில் நீங்கள் தொட்டது சரியான இடம். 2012இல் "தோழர் ஸ்டாலினுக்குக் கடிதம்" என்று ஒன்றை எழுதிப் பெரிய ரகளையைக் கிளப்பினார். அதே வருஷம் லிபோவெட்ஸ்கி ஸ்நாம்யாவில் அவருடைய நாவல்களை எடுத்து, இதில் வன்முறை எப்படி அழகாக்கப்படுகிறது, "நாம்" என்ற கூட்டம் எப்படி உருவாக்கப்படுகிறது என்று விலாவாரியாக எழுதினார். அப்போது பல தாராளவாத விமர்சகர்கள் பிரிலேபினைத் திறமைசாலி என்று கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், 2011இல் பத்து வருஷத்தின் சிறந்த புத்தகம் என்று ஒரு பெரிய பரிசும் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் பிரிலேபின் கிழக்கு உக்ரைனின் தன்பாஸ் போய்த் துப்பாக்கி தூக்கியது ஊருக்கே தெரியும். பிடிக்காமல் எழுதினார் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பிடிக்காதவர்தான் வரிவரியாகப் படித்திருந்தார்.

பரிசுக் குழு: நோஸ் என்ற ரஷ்ய இலக்கியப் பரிசின் நடுவர் குழுவுக்கு லிபோவெட்ஸ்கி சில வருஷம் தலைவராக இருந்தார். அந்தப் பரிசில் நடுவர்கள் மூடிய அறையில் முடிவெடுக்கவில்லை, பார்வையாளர் முன்னால் வாதாடியே தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர்ப் பரிசுகளுக்கு இதை வைத்தால் மண்டபம் தாங்காது.

வால்கா வாசகன்:

அவர் புத்தகங்களில் எனக்குப் பிடித்தது 2011இல் வந்த எத்தன்கள் பற்றியது. ஆஸ்தப் பெந்தர் என்ற மோசடிக்காரன் 1928 நாவலில் வந்தவன், சோவியத் மக்கள் அவனை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? அப்புறம் புரத்தீனோ என்ற மரப்பொம்மை, 1973 தொலைக்காட்சித் தொடரில் நாஜி உடையில் உலவும் உளவாளி ஷ்டீர்லித்ஸ். இவர்கள் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறார். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தால்தான் பிழைக்க முடியும் என்ற சமூகத்தில், அந்தக் கூனிக்குறுகலைக் கலையாக, விளையாட்டாக மாற்றிக் காட்டுகிறவனைப் பார்த்தால் மனசுக்கு ஆறுதல். இதை வைத்துக்கொண்டு இன்றைய ரஷ்யாவைப் பாருங்கள், சிரிக்கவைக்கிற எத்தன் போய், சிரிக்காத எத்தன் மட்டும் மிஞ்சியிருக்கிறான். (இந்தக் கடைசி வரி என் சரக்கு, அவர் தலையில் கட்டாதீர்கள்.)

2019இல் அவருக்கு ஆந்த்ரேய் பேலி பரிசும் கிடைத்தது. 1978இல் லெனின்கிராட் சமிஸ்தாத்காரர்கள் தொடங்கியது. பரிசு ஒரு ரூபிள், ஒரு ஆப்பிள், ஒரு பாட்டில் வோட்கா.

கறார் கந்தசாமி:

அந்தப் பரிசுக்கு நானும் விண்ணப்பிக்கலாமா? ஆப்பிள் வேண்டாம்.

மிச்சிகன் மணி:

நான் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பர் பக்கம் சில காலம் இருந்தவன், ஆகவே கார்ல் பிராஃபர் பெயரைச் சொல்லாமல் இந்த இழையை முடிய விடமாட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய இலக்கியப் பேராசிரியர், கோகலில் ஆய்வு செய்தவர். அவரும் மனைவி எலன்டேயாவும் 1969இல் மாஸ்கோ போய் கவிஞர் மண்டல்ஷ்டாமின் மனைவி நதேழ்தாவைப் பார்த்தார்கள், அந்த வழியாக எழுத்தாளர் வட்டமே அறிமுகமானது. 1971இல் வீட்டிலேயே ஆர்டிஸ் என்று பதிப்பகம் தொடங்கினார்கள். சோவியத்தில் அச்சேற முடியாத ரஷ்யப் புத்தகங்களை ரஷ்ய மொழியிலேயே அச்சடித்து, பயணிகள் கையில் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். சாஷா சகலோவின் முதல் நாவல் 1976இல் அங்கேதான் வந்தது, நபகோவே பாராட்டினார். 1972இல் கவிஞர் பிராட்ஸ்கியை நாட்டை விட்டு அனுப்பியபோது வியன்னாவில் போய் நின்று கையோடு மிச்சிகனுக்கு வேலைக்குக் கூட்டிவந்தவரும் பிராஃபர்தான். பிராட்ஸ்கி பள்ளிப் படிப்புகூட முடிக்காதவர், பல்கலைக்கழகத்தை ஒப்புக்கொள்ள வைப்பது சும்மா இல்லை.

1979இல் தணிக்கைக்கு அனுப்பாமல் எழுத்தாளர்களே தொகுத்த மெத்ரோபோல் தொகுப்பை ஆர்டிஸ் வெளியிட்டது. அதோடு பிராஃபருக்கு விசா கிடையாது. ஆராய வேண்டிய நாட்டுக்குள்ளேயே போக முடியாத ஆராய்ச்சியாளர். 1984இல் புற்றுநோயில் போய்விட்டார், 46 வயது. தடை நீங்கியதை அவர் பார்க்கவே இல்லை. எலன்டேயா தொடர்ந்து நடத்தினார், 1989இல் மக்கார்தர் நல்கை வாங்கினார்.

பிராஃபருடைய ஆய்வுக் கட்டுரைகளை இன்று யார் படிக்கிறார்கள்? அநேகமாக யாரும் இல்லை. அவர் அச்சடித்த புத்தகங்களை வைத்துத்தான் இன்றைக்குத் துறையே நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் சம்பள உயர்வுக்கு இதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

புதுமாணவி:

எல்லாரும் ஜாம்பவான்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. நான் இளங்கலை ரஷ்யன் படிக்கிறேன், இறுதியாண்டு. 2000க்குப் பிந்தைய நாடகத்தில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. வீட்டில் "போர் நடக்கிற நாட்டு இலக்கியத்தைப் படித்து என்ன செய்யப் போகிறாய்" என்கிறார்கள். நெவா அக்கா, உண்மையைச் சொல்லுங்கள், இப்போது இதில் இறங்கலாமா?

நெவா நதி:

தங்கை, சர்க்கரை தடவாமல் சொல்கிறேன். அமெரிக்காவில் இந்தத் துறை வளர்ந்ததே 1957இல் ஸ்புட்னிக் பறந்த பயத்தில், 1958இல் சட்டம் போட்டு மொழிப் படிப்புக்குப் பணம் கொட்டினார்கள். 1991க்கு அப்புறம் எதிரி காணாமல் போனதும் பணமும் சுருங்கியது. முனைவர் பட்டத்துக்கு ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகும். உன் தலைப்பு நேற்றைய நாடகம்தான் என்றாலும் தகுதித் தேர்வுக்கு இடைக்காலச் சரித்திரக் குறிப்பிலிருந்து எல்லாம் படிக்கவேண்டும், பெரும்பாலும் இன்னொரு ஸ்லாவிய மொழியும் கேட்பார்கள். இங்கேயே என்றால் டெல்லி ஜேஎன்யூ, ஹைதராபாத் இஃப்லு இரண்டிலும் ரஷ்யத் துறை இருக்கிறது.

2022க்குப் பின் நிலைமை இன்னும் இறுக்கம். அதற்கு முன்னாலேயே, 2021இல் அமெரிக்காவின் பார்ட் கல்லூரியை "வேண்டாத அமைப்பு" என்று ரஷ்யா அறிவித்தது. பீட்டர்ஸ்பர்க்கில் அதோடு சேர்ந்து இயங்கிய ஸ்மோல்னி கல்லூரியின் கூட்டு அதோடு முடிந்தது. மேற்கத்திய மாணவர்கள் ரஷ்ய மொழி பழக இப்போது அல்மாட்டி, பிஷ்கேக், திபிலிசி, ரீகா என்று போகிறார்கள். நீ இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால் மாஸ்கோ போவது அவர்களுக்கு இருப்பதைவிட எளிது. போனால் எதைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் கேள்வி.

தூரிகை:

நாடகம் என்றதால் ஒன்று. லிபோவெட்ஸ்கியும் பிர்கித் போய்மெர்ஸும் 2009இல் "புதிய நாடகம்" இயக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். 2002இல் மாஸ்கோவில் தொடங்கிய தியாத்ர்.டாக் என்ற சிறிய அரங்கு, உண்மையான ஆட்களிடம் கேட்ட பேச்சை அப்படியே மேடையேற்றும் முறை, யெக்கத்தரீன்புர்க்கில் நாடகக்காரர் கல்யாடாவிடம் பழகி வந்த நாடக ஆசிரியர்கள். நூலின் மையம் வன்முறை: சாதாரணப் பேச்சுக்குள்ளேயே வன்முறைதான் ஆட்களின் பொது மொழியாகிவிட்டது என்பது.

இந்த வழிவந்தவர்தான் ஸ்வெத்லானா பெத்ரிய்சுக். இணையத்தில் தீவிரவாதிகளிடம் மயங்கித் திருமணம் செய்துகொள்ளப் போன பெண்கள் பற்றிய வழக்கு ஆவணங்களை வைத்து நாடகம் எழுதினார், ஷேன்யா பெர்கோவிச் இயக்கினார், 2022இல் தங்க முகமூடி என்ற ரஷ்ய நாடக விருதுகளும் வந்தன. 2023 மே மாதம் இருவரும் கைது. தீவிரவாதத்தை நியாயப்படுத்தினார்களாம்! 2024 ஜூலையில் ஆளுக்கு ஆறு வருஷம் என்று ராணுவ நீதிமன்றம் சொன்னது. வழக்கில் முக்கியமான சான்று என்ன தெரியுமா? நாடகப் பிரதியைப் படித்து "நிபுணர்கள்" எழுதிக்கொடுத்த ஆய்வறிக்கை. "அழிவியல்" என்று தாங்களே பெயர்சூட்டிக்கொண்ட ஒரு துறையிலிருந்து.

1966இல் சின்யாவ்ஸ்கி வழக்கிலும் இதே கதைதான், பாத்திரம் சொன்னதை எழுத்தாளன் சொன்னதாகப் படித்தார்கள். சொரோக்கினின் ஒரு நாவலை 2024 ஏப்ரலில் விற்பனையிலிருந்து எடுத்ததும் புத்தகச் சங்கத்தில் அமர்த்திய நிபுணர் குழு சொல்லித்தான். ஆக, சமகால இலக்கியத்தை ஆராய்கிற ஆள் எல்லாக் காலத்திலும் இருக்கப்போகிறார். பல்கலைக்கழகத்தில் இல்லை என்றால் வழக்குக் கோப்பில் இருப்பார்.

கறார் கந்தசாமி:

இது கனமான வாதம். ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு எதிராக நிற்கிற அவசரத்தில் உங்கள் ஆய்வாளர்கள் எழுத்தாளனுக்கு வக்கீலாகிவிடுவார்கள், சுமாரான நாவல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாடு கடந்தவன் எழுதியதெல்லாம் நல்ல எழுத்து ஆகிவிடுமா? எழுத்தாளர் அக்கூனினை 2023 டிசம்பரில் தீவிரவாதிகள் பட்டியலில் சேர்த்தார்கள், நாவலாசிரியை உலித்ஸ்கயாவை 2024இல் வெளிநாட்டு முகவர் என்றார்கள். அநியாயம்தான். அதனால் அக்கூனின் துப்பறியும் கதைகளுக்கு ஒரு மதிப்பெண்கூட ஏறாது.

மிச்சிகன் மணி:

ஏறக்கூடாது, சரி. பிராஃபரும் ஆர்டிஸில் சுமாரானவற்றைப் போட்டிருக்கிறார். ஆனால் சுமார் என்று சொல்லவும் கையில் புத்தகம் இருக்க வேண்டும் இல்லையா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023இல் அமெரிக்க ஸ்லாவிய ஆய்வு மாநாட்டின் தலைப்பே காலனிய நீக்கம். உக்ரைன், மத்திய ஆசியா, காகசஸ் எல்லாவற்றையும் "ரஷ்யத் துறை" என்ற ஒரே கூரைக்கடியில் அடைத்து வைத்திருந்தது தப்பு என்று பேச்சு. நியாயம்தான். ரஷ்யனில் எழுதுகிற கஸாக் எழுத்தாளர், உக்ரைன் கவிஞர் எல்லாம் யாருடைய இலக்கியம் என்ற கேள்வி இனிமேல் யார் ஆய்வு செய்தாலும் வரும். புதுமாணவி, உங்கள் தலைப்பை மாஸ்கோவுக்குள் அடைக்காதீர்கள்.

புதுமாணவி:

நன்றி சார், அக்கா. அல்மாட்டியில் ரஷ்யனில் நாடகம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்துவிட்டேன். அப்பாவிடம் கஸக்ஸ்தான் என்றால் போர் நடக்கிற நாடு என்று சொல்ல முடியாது, அந்த வகையிலும் வசதி.

நெவா நதி:

தேடும்போது கிடைக்கிற பிரதி எல்லாவற்றையும் உன் கணினியில் இறக்கி வைத்துக்கொள். தடித்த பத்திரிகைகளை இணையத்தில் திரட்டி வைத்திருந்த ஷுர்னால்னி ஸால் தளமே 2018இல் திடீரென்று நின்றது, அப்புறம்தான் வேறு இடம் கிடைத்தது. நாடகப் பிரதிகள் அதைவிடச் சீக்கிரம் காணாமல் போகும்.

கறார் கந்தசாமி:

இறக்கியதில் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்து இங்கே போடு பாப்பா. நல்லா இருக்கா இல்லையா என்று நான் சொல்கிறேன், முப்பது வருஷம் எல்லாம் காத்திருக்க மாட்டேன்.